மன்னர் படுக்கையில் யாரும் படுக்கவில்லை

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நம் பேத்தியும் சௌக்கியம், என் இடது முழங்கால் ஒன்றைத் தவிர. அங்கே நீங்களும் உங்கள் ரத்தக்கொதிப்பும் அமைதியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் நான் முடிக்கிற வரைக்கும் நீங்கள் பேச முடியாது, அதனால்தான்.

முதலில் நம் பிள்ளைகளின் வெற்றிகளை வரிசையாக எழுதிவிடுகிறேன். உங்களுக்கும் பேரப்பிள்ளைகள்தான், தெரியாத விஷயமில்லை, ஆனாலும் எழுத்தில் இருந்தால் நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. பேரன்களில் மூத்தவன் நில அளவைப் பரீட்சையில் மூன்றாவது. முதல் இரண்டு பேரும் ஏற்கெனவே அந்த வேலையில் இருக்கிறவர்களாம், ஆகவே அதை முதல் இடம் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்தவன் நீச்சலில் கோப்பை வாங்கினான், அவனுடைய நீளக் கைகள் என் அப்பாவுடையவை. சின்னவனுக்கு முன்பல் இரண்டும் ஒரே நாளில் விழுந்தும் அழவில்லை. கடைக்குட்டி ஒன்பதாம் வாய்ப்பாட்டைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்கிறாள், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றபோது முதலிலிருந்து கடைசிக்கே எனக்கு வராது. இவர்கள் எல்லோருக்கும் மூத்தவள், தலைநகரத்துப் பழைய அரண்மனையில் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி, அவளுடைய வெற்றியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். தாண்டிப் போய்ப் படிக்க வேண்டாம்.

போன மாதம் உங்கள் வீட்டுக் கூடத்தில் பேசினது உங்களுக்கு நினைவிருக்கும். "ஊர் சுத்திக் காட்டுறதெல்லாம் ஒரு வேலையா? அவ சித்தப்பா ஆபீஸ்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு, பேசாம வந்து உட்காரச் சொல்லுங்க" என்றீர்கள். "ஆறு மாசம் முடியட்டும், நிரந்தரம் ஆகலைன்னா நானே போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று நான் வாக்குக் கொடுத்தேன். அதற்கப்புறம் நீங்கள் சமையலறையில் போய், "படுக்கை போட்டவ பேத்திக்கு அரண்மனை கேக்குது" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கு முழங்கால்தான் போச்சு, காது போகவில்லை. நான் ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் படுக்கை போட்டவள்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

சம்பந்தியம்மா, இந்த ஊரை என்னவென்று சொல்வேன்! பேத்தியின் அறை நாலாவது மாடி, எழுபத்தொரு படி, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். அந்த ஜன்னலைத் திறந்தால் அரண்மனை மணிக்கூண்டு மூக்கில் இடிக்கிற மாதிரி நிற்கிறது. அது எட்டு நிமிஷம் பின்னால் ஓடுகிறது. சரிசெய்ய மாட்டார்களாம், அது சரித்திரமாம். கடைகள் மணிக்கூண்டைப் பார்த்துத் திறக்கின்றன, பஸ்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புகின்றன, அதனால் ஊரே அந்த எட்டு நிமிஷத்தைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறது, நானும் மூன்று நாளாக ஓடுகிறேன். காலையில் அரண்மனை வாசலில் காவல் மாற்றுகிறார்கள், இருபத்திரண்டு பேர் வாத்தியம் வாசித்துக்கொண்டு நடக்கிறார்கள், அதில் பெரிய மேளக்காரனுக்கு வார் கழன்றுவிட்டது, முகவாய்க்கட்டையால் மேளத்தைத் தாங்கிக்கொண்டே ஒரு அடி தப்பாமல் அடித்தான், நான் கை தட்டினேன், அவர்கள் சிரிக்கக்கூடாது என்று சட்டமாம், ஆனால் அவன் மீசை சிரித்ததை என் கண்ணால் பார்த்தேன். வியாழக்கிழமை ஆற்றில் படகு. ஏழு பாலத்துக்கு அடியில் போகும் படகு என்று ஏறினேன், ஏறினது வேறு படகு, அது ஏதோ தபால் அலுவலகத்துக்காரர்கள் யாரோ ஓய்வு பெறுவதற்காகப் பிடித்த படகு, யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை, ஓய்வு பெறுகிறவரின் அத்தை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, நடுவில் உட்காரவைத்து, பேசச் சொன்னார்கள். பேசினேன். சின்ன வயசிலிருந்தே அவன் பொறுப்பானவன் என்று சொன்னேன். அவர் கண் கலங்கினார். இரண்டு பலூனோடு திரும்பி வந்தேன். ஆனாலும் சொல்கிறேன், இந்தச் சத்தமும் ஓட்டமும் நம் வயதுக்கு ஒத்துவராது, ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஊருக்கு வந்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமைதான் அவளுக்குச் சோதனை. முந்தின நாளே சொல்லிவிட்டாள்: "பாட்டி, நாளைக்கு மட்டும் அரண்மனைப் பக்கம் வந்துடாதே. மேலாளர் கூட்டத்தோட கூட்டமா என் பின்னாடியே நடந்து வருவார். கடைசியில அவர் தலையாட்டினாதான் வேலை நிரந்தரம். இல்லைன்னா நீயும் நானும் ஒரே வண்டியில ஊருக்குப் போகணும்."

"நான் எதுக்குடி வரப்போறேன்? எனக்குத் துணி துவைக்கிற வேலை இருக்கு" என்றேன்.

நிஜமாகவே துவைத்தேன். ஒன்பது மணிக்குள் முடிந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அவளுடைய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கூட்டத்தில் பீரோ மாதிரி ஒருத்தர் இருந்தார், அவர் முதுகுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டேன். பதினெட்டுப் பேர். கடைசியில் வழுக்கைத் தலையோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தவர்தான் மேலாளர். நம் பெண் பேசினதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! விருந்து மண்டபம், ஆயுத அறை, நானூறு சாவி தொங்கும் சுவர், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை, ஒரு சிரிப்பு. இரண்டாவது மாடிப் படியில் திரும்பினவள் என்னைப் பார்த்துவிட்டாள். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி தொடர்ந்தாள். அந்தத் தைரியம் உங்கள் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை.

அப்புறம் மன்னரின் படுக்கையறை. கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றுக்கு அந்தப்பக்கம் பெரிய கட்டில், கலைந்த படுக்கை. பேத்தி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நூற்றறுபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு விடியற்காலை, பகைவர்கள் கோட்டையை நெருங்கிட்டாங்கன்னு செய்தி வந்ததும் மன்னர் இந்தப் படுக்கையிலேருந்துதான் எழுந்து போனார். திரும்பி வரவே இல்லை. அன்னையிலேருந்து இதை யாரும் தொடலை. நீங்க பார்க்கிற ஒவ்வொரு சுருக்கமும் அவர் விட்டுட்டுப் போனது" என்றாள். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். பீரோக்காரரின் மனைவி மூக்கைத் துடைத்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன் சம்பந்தியம்மா, சத்தியமாகப் பொத்தினேன், ஆனால் விரல் இடுக்கில் வந்துவிட்டது.

"இதுல யாரும் படுக்கலையே!"

பதினெட்டுப் பேரும் திரும்பினார்கள். முப்பத்தோரு வருஷம் தினம் நாற்பது படுக்கை, எவன் வலது பக்கம் படுத்தான், எவன் வலியில் புரண்டான், எவன் தூங்காமல் உட்கார்ந்திருந்தான் என்று விரிப்பைப் பார்த்தே நர்சுக்குச் சொன்னவள் நான். "தலையணையைப் பாருங்க, தலை வெச்ச பள்ளம் ஒரு ஓரமாச் சாயும். இது நட்டநடுவுல இருக்கு, கை முட்டியால குத்தினது. சுருக்கம் எல்லாம் மேலேருந்து கீழே ஓடுது, கையால இழுத்தது. ஆள் படுத்திருந்தா இடுப்புக்கிட்டக் குறுக்கே விழும். கால்மாட்டுல குதிகால் தடமே இல்ல. ராஜாவுக்குக் கால் இல்லையா?"

"கால் இருந்துச்சும்மா, கீழே சிலையில பார்த்தேன்" என்றார் பீரோக்காரர்.

அந்தப் பக்கத்து மூலையில் விரிப்பைச் செருகியிருந்த மடிப்பைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கடித உறையின் மூலை மாதிரி சாய்வாக மடித்துச் செருகுவது, அது எங்கள் ஆஸ்பத்திரி மடிப்பு! "இதோ பாருங்க" என்று கயிற்றைத் தாண்டி அந்த மூலையைத் தூக்கிக் காட்டினேன். அவ்வளவுதான். எங்கோ மணி அலறியது, இரண்டு பக்கக் கதவும் தானாக மூடிக்கொண்டன. யாராவது பொருளைத் தொட்டால் அப்படித்தான் பூட்டிக்கொள்ளுமாம், வெளியிலிருந்துதான் திறக்க முடியுமாம். முக்கால் மணி நேரம் நாங்கள் எல்லோரும் மன்னரின் படுக்கையறையில் மாட்டிக்கொண்டோம், மேலாளரும் சேர்த்து.

மேலாளரின் வழுக்கை தக்காளி மாதிரி சிவந்தது. "நூத்தறுபது வருஷம்! நூத்தறுபது வருஷமா யாரும் தொடாத படுக்கை!"

"தொடாத படுக்கையில சோப்பு வாசனை எப்படி சார் வரும்?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே?

அவர் என்னை விட்டுவிட்டுத் திரும்பினார். நம் பெண்ணைப் பார்த்து, "யாரு இந்தம்மா? உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார். நான் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து இல்லை என்று சொல்லடி, இல்லை என்று சொல்லடி என்று தலையை ஆட்டினேன். எனக்கு உங்கள் கூடமும், சித்தப்பா ஆபீஸ் நாற்காலியும், நாங்கள் இரண்டு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வண்டியை விட்டு இறங்குவதும் எல்லாம் தெரிந்தது. அவள் கையில் வைத்திருந்த வழிகாட்டிக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். நிமிர்ந்து நின்று சொன்னாள், அடுத்த வரியைத் தயவுசெய்து இரண்டு முறை படிக்கவும்:

"என் பாட்டி சார். எங்க அம்மாவோட அம்மா. ஆஸ்பத்திரியில முப்பத்தோரு வருஷம் படுக்கை போட்டவங்க. படுக்கையைப் பத்தி அவங்க ஒண்ணு சொன்னா அது சரியாத்தான் இருக்கும். எனக்குக் கொடுத்த தாள்ல தப்பா எழுதியிருக்கு."

எனக்குக் கறுப்புக் கண்ணாடி உதவியாக இருந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. காவலாளியும், சாவிக்கொத்தோடு துப்புரவு வேலை பார்க்கும் அம்மாவும் நின்றார்கள். அந்தம்மா கலைந்த மூலையைப் பார்த்து, "ஐயையோ, இப்பத்தானே கசக்கி வெச்சேன்!" என்று நெஞ்சில் கை வைத்தாள். மேலாளர் மெதுவாகக் கேட்டார், "என்ன சொன்னீங்க?"

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை துவைச்சுக் கசக்குவேன் சார். எனக்கு முன்னாடி எங்க அத்தை கசக்கினாங்க. அத்தை அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவங்க. துவைக்காம விட்டா பூச்சி வராதா?"

"மெத்தை?"

"அதை மாத்திப் பதினோரு வருஷம் ஆச்சு. கட்டில் மட்டும் நிஜம் சார்."

மேலாளர் ஒன்பது வருஷமாக அங்கே மேலாளர். பாவம், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பீரோக்காரர் முதலில் கை தட்டினார், அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். முழுவதும் நாடகம், அரண்மனையே ஏற்பாடு செய்தது என்று நினைத்துவிட்டார்கள்! வெளியே போகும்போது பதினெட்டுப் பேரும் பார்வையாளர் புத்தகத்தில் எழுதினார்கள். இந்த ஊரில் பார்த்த எல்லாவற்றிலும் இதுதான் சிறந்தது என்று ஒருத்தர். பூட்டப்பட்டதும் சேர்த்துத்தான் என்று இன்னொருத்தர். மேலாளர் அதைப் பக்கம் பக்கமாகத் திருப்பிப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார், நம் பெண்ணைப் பார்த்தார், தலையாட்டினார். நிரந்தரம்! சம்பந்தியம்மா, நிரந்தரம்! இனிமேல் அந்த அறையில் மன்னரின் கதையோடு அத்தை கதையையும் மருமகள் கதையையும் சேர்த்து அவள்தான் சொல்ல வேண்டுமாம். அந்தத் தாளையும் அவளையே திருத்தி எழுதச் சொல்லிவிட்டார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தீர்களா? மேலாளர் என்னை மறுபடி அந்தப் படுக்கையறைக்குக் கூட்டிப் போய், மணியை அணைக்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அம்மா, கசக்கினதுன்னு சொல்லித்தான் காட்டப்போறோம், இருந்தாலும் கசக்குறதைச் சரியாக் கசக்கணுமில்ல? மன்னர் எப்படிப் படுத்திருப்பார்?" என்றார். சுவரில் இருந்த மன்னர் படத்தைப் பார்த்தேன். வலது முழங்கால் வீங்கியிருந்தது, ஓவியக்காரன் மறைக்கப் பார்த்திருக்கிறான், என்னிடம் மறைக்க முடியுமா? "இடது பக்கம் ஒருக்களிச்சு, முழங்காலுக்கு நடுவுல ஒரு தலையணை வெச்சு" என்றேன். "கொஞ்சம் காட்டறீங்களா, ஒரு பத்து நிமிஷம்?" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தேன். மூன்று நாள் படி ஏறின உடம்பு, பதினோரு வருஷமாக யாரும் படுக்காத மெத்தை, கண்ணை மூடினது மட்டும்தான் தெரியும். கண்ணைத் திறந்தபோது கயிற்றுக்கு அந்தப்பக்கம் முப்பது முகம். வேறு வழிகாட்டிப் பையன் பழைய தாளை வைத்துக்கொண்டு, "அன்றிலிருந்து இதில் யாரும்..." என்று சொல்லி முடிக்க முடியாமல் நிற்கிறான். நான் குறட்டை விட்டேன் என்கிறார்கள், நம்ப வேண்டாம். எழுந்து போர்வையை உதறப் போனேன், அதற்குள் அந்தத் துப்புரவு அம்மா ஓடிவந்து, "தொடாதீங்க, தொடாதீங்க, அருமையா வந்திருக்கு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகவே நான் கொடுத்த வாக்குப்படி பெண்ணைக் கூட்டி வரத் தேவையில்லாமல் போய்விட்டது. நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வருகிறேன். மாலையில் உங்கள் கூடத்துக்கு வந்து இதையெல்லாம் நேரிலும் ஒருமுறை சொல்வேன், வீட்டில் இருக்கவும். தலைநகரம் பார்த்தாயிற்று, போதும், என் கட்டிலே எனக்குப் போதும். உங்கள் ரத்தக்கொதிப்பு குறையட்டும், உங்கள் மகனும் என் மகளும் சண்டையில்லாமல் இருக்கட்டும், பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு உயரம் வளரட்டும்.

இப்படிக்கு,
படுக்கை போட்டவள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் பேத்தி வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. இந்த ஊர் ஒத்துவராது என்று மேலே இரண்டு இடத்தில் எழுதியிருப்பதை அடித்துவிடவும், என் பேனாவில் மை குறைவு. அரண்மனையில் எனக்கு வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை துவைத்தால் போதாது, வாரம் ஒருமுறை துவைக்கலாம் என்று நான்தான் சொன்னேன், ஆகவே திங்கள்தோறும் சுருக்கம் விழ ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். அடையாள அட்டைக்குப் படம் கேட்கிறார்கள். ரயில் நிலையத்தில் படம் எடுக்கிற பெட்டியில் போய் உட்கார்ந்தேன், நாலு படத்திலும் கண்ணை மூடியிருக்கிறேன். "இந்த வேலைக்கு இதான் பாட்டி பொருத்தம்" என்கிறாள் இவள், ஆனால் அலுவலகத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. என்னிடம் இருக்கிற மற்றப் படத்தில் எனக்கு நாற்பது வயது. மூத்த பேரன் பட்டம் வாங்கின அன்றைக்கு நீங்களும் நானும் அவனுக்கு இரண்டு பக்கமும் நின்று எடுத்த புதுப்படம் உங்கள் பீரோவில் இருக்கிறது, ஒரு பிரதி தருகிறேன் என்று சொல்லி நாலு மாதம் ஆகிறது. அதை அனுப்புங்கள். என் பாதியை மட்டும் வெட்டி அனுப்பிவிடாதீர்கள், நாம் இரண்டு பேரும் ஒரே படத்தில் சிரித்தது அது ஒன்றுதானாம், அதை முழுசாக இவள் தன் அறையில் மாட்டப் போகிறாளாம், அட்டைக்கு நகல் எடுத்துக்கொள்கிறோம். உறைக்குள் ஒரு கனமான அட்டையை வைத்துத் தபாலில் போடுங்கள், வழியில் கசங்கிவிடப் போகிறது. கசக்குவதற்கு இங்கே நான் இருக்கிறேன்.