மழையைத் திருப்பி அனுப்பப் பார்த்த மடிப்பு

கோவில்பட்டியில் மழையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "போயிரு" என்று வாய்விட்டுக் கெஞ்சிய ஒரே மனிதன் எங்கள் மடிப்புதான். மழை வந்தால் குச்சி காயாதே என்று தவிக்கும் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள்கூட அதை மனசுக்குள்தான் சொல்லிக்கொள்வார்கள்.

நானும் அவனும் ஒரே வீட்டு மாடியில் எதிரெதிர் அறைகளில் குடியிருந்தோம். கருவில் பிள்ளை உருவாகும்போது தட்டையான திசு எப்படி மடிந்து குழாயாகிறது என்பது அவன் ஆராய்ச்சி. தோசையைத் தின்னமாட்டான், மடித்து மடித்துப் பார்ப்பான். மடிப்பு என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். யார் வீட்டு மொட்டைமாடியில் அப்பளம் காய்ந்தாலும் அது சுருளும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். ஒருமுறை அப்பளத் திருடன் என்று பிடித்துவிட்டார்கள். பிடித்தவருக்கே பாடம் நடத்திவிட்டு வந்தான்.

கடைசியில் கைகொடுத்தது கரிசல் மண். புதியம்புத்தூரில் சட்டை தைத்து மிஞ்சிய துணியை ஒரு பலகையில் விரித்து, அதன் மேல் மண்ணைக் குழைத்துப் பூசி மாடி வெயிலில் வைத்தான். காயக் காய மண் சுருங்கும். துணியையும் இழுத்துச் சுருட்டும். கருவிலும் திசுவின் ஒரு பக்கம் சுருங்கித்தான் மடிகிறதாம். வெறும் கரிசல் வெடித்துவிடும் என்பதால் வீடு வீடாக வடிகஞ்சி வாங்கிக் கலந்தான். பையன் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுகிறான் என்று நினைத்துத் தெருவில் பாதிப் பேர் குழம்பும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அந்த மழை நாளுக்கு மறுநாள் அவனுடைய பேராசிரியர் வருவதாக இருந்தது. துணி குழாயாக மூடாவிட்டால் இந்த ஆராய்ச்சியையே விட்டுவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். துணி முக்கால்வாசி சுருண்டிருந்த மத்தியானத்தில்தான் வானம் கறுத்தது.

வீட்டுக்கார அண்ணாச்சிக்குப் பசுவந்தனையில் மானாவாரி நிலம். விதைத்துவிட்டு வாரக்கணக்கில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சிரித்தபடி மாடியேறி வந்தவர், இவன் கும்பிடுவதைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, யாரைப் போகச் சொல்லுத?"

"போக வேண்டாம் அண்ணாச்சி. சாயங்காலமா வரட்டும்னுதான் சொல்லுதேன்."

"பெட்டியக் கட்டு. இன்னைக்கே காலி பண்ணு."

"பண்ணுதேன் அண்ணாச்சி. இது மட்டும் மூடட்டும். வயித்துப் பிள்ளைக்கு இது சரியா மூடலேன்னா முதுகுத்தண்டே கோளாறாயிரும். ஏன் மூடாமப் போகுதுன்னுதான் பாக்குதேன்."

 முதல் துளி விழுந்ததும் பலகையின் ஒரு முனையை அண்ணாச்சியே பிடித்தார். "என்னலே பாத்துக்கிட்டு நிக்குத? தூக்கு."

கீழே கூடத்தில் வைத்தோம். மழை வந்தால் கரண்ட் இருக்குமா? அண்ணாச்சி ஓலை விசிறியை எடுத்துத் துணிக்கு வீசிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அத்தனை நாள் காத்திருந்த மழை வெளியே கொட்டுகிறது. மனிதர் வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொட்டன.

"மூடிட்டுலே" என்றார் மெதுவாக. காலி செய்யும் பேச்சு அதோடு போயிற்று. மறுநாள் பேராசிரியரும் குழாயைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மடிப்பு இப்போது எங்கோ தூரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறான். இங்கே தூறல் போட்டாலே அண்ணாச்சி, "அங்கன வெயிலடிக்கான்னு அந்தப் பயகிட்ட கேளு" என்று என்னைப் போன் போடச் சொல்கிறார். அவர் சொல்லாவிட்டாலும் போடுவேன். அவன் குரல் கேட்காத மழை எனக்கு ருசிப்பதில்லை.