செம்பண்ணையும் பின்லாந்துக்காரனும்

ஜெர்மனியில் கிடக்கும் கற்களிடம் "நீ எந்த நாடு?" என்று விசாரணை நடத்திய ஒரே தமிழர் செம்பண்ணைதான். கல் சொன்ன பதிலை அவர் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. எங்கள் அகதி விசாரணைக்கு அப்படி ஓர் அதிகாரி வாய்த்திருந்தால், பாதிப் பேருக்குத் தலைமுடி மிஞ்சியிருக்கும்.

அவரை நான் சந்தித்தது கெல்சென்கிர்ச்சனில், ஒரு பூங்காவில். அப்போது எனக்குக் காலையில் ஓர் அலுவலகக் கந்தோரில் தரை துடைக்கிற வேலை, மாலையில் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. நடுவில் போய்ப் படுக்க அறை இல்லை. பூங்காவில் நீள வாங்கு இருந்தது. ஒருநாள் தண்ணீர் ஊற்றும் சத்தத்தில் விழித்தேன். பித்தளைச் செம்போடு ஒரு மனிதர், என் காலடியில் கிடந்த கல்லைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, கல்லுக்குக் காய்ச்சலே?"

"காலைக் கொஞ்சம் எடும். சுவீடன்காரனை மறைக்கிறீர்."

அந்த நடைபாதை ஓரமாக ஒன்பது பெரிய கற்களை வைத்து, பக்கத்தில் பலகை நட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் வடக்கேயிருந்து தவழ்ந்து வந்த பனிப்பாறை, சுமந்து வந்து, உருகும்போது போட்டுவிட்டுப் போன கற்கள். காய்ந்திருந்தால் எல்லாம் ஒரே சாம்பல். நனைத்தால்தான் நிறம் தெரியும். நிறம் தெரிந்தால்தான் ஊர் தெரியும். அதற்குத்தான் செம்பு; அந்தச் செம்பால்தான் அவர் செம்பண்ணை.

அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கண் சொருகும். பூங்காவின் மேல் வெள்ளைவெளேரென்று பனி எழும்பும். அதற்குள் இந்தக் கற்களெல்லாம், பஸ்ஸில் தூங்குகிற பயணிகள்போல் தலையைச் சாய்த்தபடி, ஒருவரும் டிக்கெட் கேட்காமல், கடலைக் கடந்து வந்துகொண்டிருக்கும். நத்தைகூட முந்திப் போகும். யாருக்கும் அவசரமில்லை. கண்ணைத் திறந்தால் உணவகத்துக்கு நேரம் பிந்தியிருக்கும்.

ஏழாவது கல்லில்தான் அவருடைய உயிர் இருந்தது. பலகை அதைச் சுவீடன் என்றது. செம்பண்ணை ஒரு செம்பு ஊற்றிக் காட்டுவார்: ரோஸ் நிற வட்டங்கள், அவற்றைச் சுற்றி மங்கலான பச்சைக் கரை. "உந்தக் கரையைப் பாரும். இவன் பின்லாந்துப் பக்கத்துத் தீவுக்காரன்." பலகையைத் திருத்தச் சொல்லி நான்கு வருடமாக நகரசபைக்கு அன்ட்ராக் மேல் அன்ட்ராக்காக விண்ணப்பம் எழுதினார்.

"கல்லுக்கு ஏன் அண்ணை இவ்வளவு பாடு?" என்று கேட்டேன்.

"என்ர பத்திரத்தில பிறந்த இடம் கொழும்பு எண்டு எழுதிப்போட்டாங்கள். பிளேன் ஏறின இடமாம். பரவாயில்லை, ஆரும் கேட்டால் பருத்தித்துறை எண்டு நான் சொல்லுவன். உதுக்கு வாய் இல்லையே."

கடைசியில் பதில் வந்தது. பலகைகள் எல்லாவற்றையும் உலோகத்தில் புதிதாகப் பொறிக்கப் போகிறார்கள். அதற்கு முன் நிபுணர் ஒருவர் வந்து பார்ப்பார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டெர்மின் குறித்திருந்தார்கள். அன்று தவறினால், பொய் இரும்பில் ஏறிவிடும்.

இதற்குள் செம்பால் ஒரு வினை வளர்ந்திருந்தது. வெள்ளிதோறும் பூங்காவுக்குள்ளால் கோயிலுக்குப் போகிற பூமணி அக்கா, இவர் உருண்டையான ஏழாவது கல்லுக்குத் தண்ணீர் வார்ப்பதைப் பார்த்து, ஒரு பூவை வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் திருநீறு. அதற்கடுத்த வாரம் நல்லெண்ணெய்க் காப்பு.

"அக்கா, இது சாமி இல்லை. பின்லாந்துக்காரன்!" என்றார் செம்பண்ணை.

"எங்கையிருந்து வந்தால் என்ன தம்பி? பிள்ளையார் பிள்ளையார்தான். கும்பிட்ட கிழமையே மகளுக்கு அவுஸ்பில்டுங் இடம் கிடைச்சிட்டுது."

பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி இடம் வாங்கிக் கொடுத்த கல்லை யார் விடுவார்?

அந்த வெள்ளி பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க நாங்கள் போனபோது, ஏழாவது கல் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலையோடு மாப்பிள்ளைபோல் இருந்தது. கல்லே தெரியவில்லை. செம்பண்ணை செம்போடு அப்படியே குந்திவிட்டார்.

"முடிஞ்சுது. நாலு வருசம்."

அவரை அந்த நிலையில் நான் பார்த்ததில்லை. தரை துடைக்கிறவனுக்குத் தெரிந்தது துடைப்பதுதானே. வேலைச் சட்டையைக் கழற்றித் தேய்த்தேன். சந்தனம் போனது. ஆனால் வாரக்கணக்கில் ஊறிய எண்ணெய் போகவில்லை. அதில் அந்த வட்டங்கள், கரையோடு, கண் திறந்ததுபோல் பளபளத்தன. தண்ணீரில் ஒருநாளும் அப்படித் தெரிந்ததில்லை.

நிபுணராக வந்த அம்மா பூதக்கண்ணாடியோடு முழங்காலில் இருந்தார். நெற்றியில் விழுந்த முடியை விரலால் ஒதுக்கினார். கல்லில் மிச்சமிருந்த குங்குமம் சரியாக அங்கே ஒட்டியது.

"பின்லாந்தின் ஓலாந்துத் தீவுகள்," என்றார். "சந்தேகமே இல்லை. இவ்வளவு தெளிவாக எப்படி வந்தது?"

"எண்ணெய்," என்றார் செம்பண்ணை. பொய் சொல்ல வராத மனிதர்.

தூரத்தில் நின்ற பூமணி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியளே, அதிகாரியே விழுந்து கும்பிடுறா!"

புதுப் பலகை வந்தது. செம்பண்ணை அதையும் ஒரு செம்பு ஊற்றிக் கழுவினார். அன்று முதல் வெள்ளிக்கிழமை எண்ணெய்க்கு அவர் மறுப்புச் சொன்னதில்லை.

பிறகு நான் கொலோன் போனேன், பிராங்பேர்ட் போனேன், இன்னும் ஓரிடத்தில் நிற்கவில்லை. எந்த ஊரிலும் மழை பெய்து தெருக்கற்கள் நிறம் காட்டத் தொடங்கினால், இன்று செம்பண்ணைக்கு ஓய்வு என்று முதலில் தோன்றும். அடுத்த கணமே, அந்த மனிதர் ஒன்பது கல்லையும் பார்க்கக் குடையில்லாமல் ஓடியிருப்பாரே என்று மனம் பதைக்கும்.