கழுவாத கப்பின் கொள்ளளவு

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு நீங்கள் போனில் பேசி அனுப்பிய செய்தி வந்தது. இங்கே நானும் குழந்தையும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உங்கள் மகள் இறந்துபோனதிலிருந்து எனக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் பேச வாய் வருவதில்லை. அதனால் இதை மச்சினன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

"பிள்ளை எலும்பும் தோலுமா ஆயிட்டா மாப்ளே, ஞாயித்துக்கிழமை வந்து எங்கூட கூட்டிட்டுப் போயிடுறேன்" என்று சொல்லியிருந்தீர்கள். என் பதில், அனுப்ப மாட்டேன். அவள் தட்டைத் தள்ளிவிட்டு "அம்மா கேக்கு" என்று ஒரே பிடியாக நிற்பது உண்மைதான். அந்தக் கேக்கை நானே செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. தொழிற்சாலையில் தராசுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான், ஒரு கேக்குக்கா அசருவேன்?

அசந்துவிட்டேன். செய்முறை கேட்டபோது ஒரு கப் மைதா, ஒரு கப் பால், முக்கால் கப் சர்க்கரை, மூணு முட்டை என்றீர்கள். எந்தக் கப் என்றேன். "கப்புன்னா கப்புதான் மாப்ளே, அவ எடுக்கிற நீலக் கப்பு." தலை தட்டியா, கோபுரமாவா என்றேன். "அது கைக்கே தெரியும்." என் கைக்கு இப்போ எதுவுமே தெரியல அத்தை, அதனாலதான் தராசை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

நீலக் கப்பு அலமாரியில் இருந்தது. அடியில் கொஞ்சம் மைதா ஒட்டிக் காய்ந்திருந்தது. அவள் கடைசியாக அளந்தது. அதில் தண்ணீரை நிரப்பி எடை போட்டால் ஒரு நிமிடத்தில் கொள்ளளவு தெரிந்துவிடும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி. ஆனா தண்ணி ஊத்தினா மாவு கரைஞ்சிடுமே. ஊத்தல. ஸ்கேலை வெளிப்பக்கமா வச்சு அளந்து, கப்போட கனத்தைக் குத்துமதிப்பாக் கழிச்சு, இருநூத்தம்பது மில்லின்னு கணக்குப் போட்டேன். பால் கூடிப்போச்சு, கண்ணளவாப் போட்ட மைதா குறைஞ்சுபோச்சு, முட்டை மட்டும் அதே மூணு. ஒரு மணி நேரம் ஓவன்ல இருந்தும் கூழாவே வெளிய வந்துது. ரெண்டாவது தடவை இருநூத்தம்பது மில்லிக்கு இருநூத்தம்பது கிராம் மைதா போட்டேன், மைதாவும் தண்ணியும் ஒரே எடைங்கிற மாதிரி. வேலைக்குச் சேர்ந்த புதுப் பையன் இப்படிப் பண்ணியிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அதை வெட்டுறதுக்குள்ள மாடி வீட்டம்மா இறங்கி வந்துட்டாங்க.

"ஏன் தம்பி, சுவத்துல ஆணி அடிக்கிறீங்களா?"

"கேக் வெட்டுறேன்க்கா."

அவங்க சிரிக்கல. நானும் சிரிக்கல. ஒரு துண்டு குடுத்தேன், வாங்கிட்டுப் போனாங்க, கதவுக்கு முட்டுக் குடுக்கவாவது ஆகும்.

ஆகவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை சிரமப்பட்டு வர வேண்டியதில்லை. என் மகளை நான் வளர்த்துக்கொள்வேன். மாமா முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறாரா என்று கேட்டதாகச் சொல்லுங்கள். என்னைத் திட்டிக்கொண்டேயாவது ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேல எழுதினதை எல்லாம் அடிச்சுடுங்க. மச்சினன் வர்றதுக்குள்ள பாப்பா ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கப்பைத் தேய்ச்சுக் கழுவிட்டா. "அழுக்கா இருந்துச்சுப்பா"ன்னு நீட்டுறா. கப்பை வாங்கி உள்ள தடவிப் பாத்தேன், மாவு இல்ல. அப்புறம் தண்ணி நிரப்பித் தராசுல வச்சேன். இருநூத்திப் பன்னெண்டு மில்லி. மைதாவையும் அந்தக் கப்பாலேயே தலை தட்டி அளந்தேன். கேக் சரியா வந்துது அத்தை, அப்படியே உங்க பொண்ணு செஞ்ச மாதிரி. பாப்பா ஒரு வாய் வச்சா, முகமெல்லாம் மலர்ந்து எழுந்து சமையலறைக்கு ஓடினா. அங்க யாருமில்லைன்னு பாத்துட்டுத் திரும்பி வந்தா, தட்டைத் தள்ளிட்டா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேணாம், நாளைக்கே வாங்க. அவளைக் கூட்டிட்டுப் போக இல்ல, எங்க ரெண்டு பேர் கூட இருக்க. முடியாதுன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம், போனை அணைச்சு வச்சுட்டேன்.