ஓவர்சியரைத் தூங்க வைத்த மூணு பட்டை

போன வாரம் ஜீப்புக்குப் பட்டை மாற்றப் போனேன். அவ்வளவுதான் வேலை.

பட்டை என்றால், சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வில் மாதிரி வளைந்திருக்குமே, அந்த ஸ்பிரிங் பட்டை. என் ஜீப்பில் அது வில்லாக இருந்தது ஒரு காலம். இருபத்திரண்டு வருஷம் எஸ்டேட் ரோட்டில் ஓடி, இப்போது பள்ளிக்கூடத்து அடிஸ்கேல் மாதிரி நேராகிவிட்டது. போதாததற்கு வலது பக்கம் அதிகமாகத் தேய்ந்து, வண்டியே வலது பக்கம் சாய்ந்து நின்றது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இந்த அவமானம் புரியும். வாழ்நாள் முழுக்கச் செங்கொடி பிடித்தவன் நான்!

ஏலப்பாறை டீக்கடையில் எதிர்ச்சங்கத்துச் செயலாளர் என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். "என்ன தலைவரே, கடைசியில நீங்களும் வலது பக்கம் சாஞ்சிட்டீயளா?"

கடையே சிரித்தது. டீ ஆற்றுகிறவனும் சிரித்தான். அவனுக்காக நான் மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்திருக்கிறேன். நன்றி என்பது நோட்டீஸில் மட்டும் வருகிற சொல்.

இன்னொரு அவசரமும் இருந்தது. தொழிலாளர் குடியிருப்பான மேல் டிவிஷன் லயத்துக்குப் போகிற மூன்று கிலோமீட்டர் ரோட்டுக்காக வருஷக்கணக்கில் மனு கொடுத்து வருகிறேன். ஒருவழியாக, வியாழக்கிழமை பஞ்சாயத்து ஓவர்சியர் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருடைய கார் அதில் ஏறாது. என் ஜீப்பில்தான் வரவேண்டும்.

லயத்தில் எஸ்தர் என்று ஒருத்தி. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். அவள் நாக்குக்கு மேனேஜரே பயப்படுவார். அவள் மகள் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. போன மழையில் எஸ்தரின் மாமியாரை நாற்காலியில் கட்டி நாலு பேர் தூக்கித்தான் கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்கினோம்.

"மழைக்கு முன்னாடி ரோடு வந்தாகணும் தலைவரே. எம் மகளை நாற்காலியில எறக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள் எஸ்தர்.

"நான் இருக்கேன்" என்றேன். நான் எப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் அந்தோணி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"அண்ணாச்சி, இதுல ஏழு பட்டை இருக்கு. ஏழும் செத்துப்போச்சு. இப்போ புது மாடல் வந்திருக்கு. மூணே பட்டைதான். ஒண்ணோட ஒண்ணு ஒரசாது. குலுங்கவே குலுங்காது."

"ஏழு பேர் செய்யிற வேலையை மூணு பேர் தலையில கட்டுறதா? இது ஆட்குறைப்பு!"

"அண்ணாச்சி, இது இரும்பு."

"இரும்புல ஆரம்பிச்சுத்தான் எல்லாம் ஆளுக்கு வரும்!"

அந்தோணி ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஆபீசர் ஏறுற வண்டி. குலுங்கிச்சுன்னா, தலைவர் வண்டி தகர டப்பான்னு ஊரு பேசும். அப்புறம் உங்க இஷ்டம்."

கொள்கை ஒரு பக்கம், கௌரவம் ஒரு பக்கம். எது ஜெயித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"பழசை எடைக்குப் போட்டுரட்டுமா?"

"இருபத்திரண்டு வருஷம் உழைச்சவங்களை ஒரு மரியாதையும் இல்லாம வெளியே தள்ள நான் என்ன எஸ்டேட் முதலாளியா? சாக்குல கட்டிக் கொடும்" என்றேன்.

அதைக் கட்டிக்கொண்டு வந்து வீட்டுப் பின்னால் வைத்தேன். வண்டி நிமிர்ந்து நின்றது. நானும் டீக்கடை வழியாக இரண்டு முறை தேவையில்லாமல் ஓட்டிப் போனேன்.

வியாழக்கிழமை ஓவர்சியர் வந்தார். மலையாளி, நல்ல மனுஷன், நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். முன்சீட்டில் உட்கார்ந்தார். சாட்சிக்குப் பின்னால் எஸ்தரும் இன்னும் இரண்டு பெண்களும்.

அந்த ரோட்டில் குழிகளுக்கெல்லாம் எஸ்டேட் பதவி வரிசைப்படி நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். ஆழம் குறைந்தது கங்காணி குழி. அடுத்தது கணக்குப்பிள்ளை குழி. அப்புறம் சின்ன துரை குழி. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு மாடு படுத்தால் கொம்பு மட்டும் தெரிகிற பெரிய துரை குழி.

கங்காணி குழியில் இறக்கினேன். ஓவர்சியர் அசையவில்லை.

கணக்குப்பிள்ளை குழியில் வேகமாகவே இறக்கினேன். வண்டி மெதுவாகத் தாழ்ந்து, மெதுவாக எழுந்தது. படகு மாதிரி!

"பாருங்க சாரே, எவ்வளவு மோசம்!" என்று நானாகவே சீட்டில் எம்பி எம்பிக் குதித்தேன். "ஐயோ, என் இடுப்பு!"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சேட்டனுக்கு வாயுவாணோ?"

பின்னாலிருந்து எஸ்தர் என் காதுக்கு வந்தாள். "தலைவரே, இது வண்டியா தொட்டிலா?"

"பட்டை மாத்தினேன்" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இன்னைக்கா மாத்தணும்? எந்தக் கூறுகெட்டவன் சொன்னான்?"

பெரிய துரை குழி இருக்கிறதே என்ற நம்பிக்கையில் ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி முங்கி எழுந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

ஓவர்சியர் தூங்கிக்கொண்டிருந்தார். லேசான குறட்டை வேறு.

லயத்து வாசலில் வண்டி நின்றதும் கண்ணைத் திறந்தார். "எத்தியோ?" என்றார், வந்து சேர்ந்துவிட்டோமா என்று. நோட்டில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். ரோடு வாகனம் போகத் தகுந்த நிலையில் இருக்கிறதாம்!

"சாரே, ரோடு மோசம் சாரே!"

"ரோடு மோசமாணெங்கில் ஞான் உறங்குமோ?"

என் வாழ்க்கையில் போலீஸ், கோர்ட், எஸ்டேட் வக்கீல் எல்லோருக்கும் பதில் சொன்னவன் நான். அன்றைக்கு வண்டியைத் திருப்பினேன்.

அவரை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால், எஸ்தர் லயத்து வாசலிலேயே நிற்கிறாள். "உங்க கௌரவத்துக்குப் பட்டை போட்டீய. எம் மகளுக்கு நாற்காலிதானா?"

கூட்டத்தில் கல்லடி பட்டிருக்கிறேன். அது இவ்வளவு வலித்ததில்லை.

மறுநாள் ஓவர்சியர் ஆபீஸ் வாசலில் தனியாகப் போய் உட்கார்ந்தேன். கொடி இல்லை, கூட்டம் இல்லை. கூப்பிட்டிருந்தாலும் யாரும் வந்திருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம். சாயங்காலம் வரை அவரும் பார்த்தார். "சரி, திங்கள்கிழமை ஒண்ணுகூடி வராம். நல்ல வண்டியல்லே!" என்றார். இன்னொரு தடவை வருகிறாராம், வண்டி நல்ல வண்டியாம். இன்னொரு தூக்கத்துக்கு ஆசைப்பட்டிருப்பார் என்பது என் சந்தேகம்.

சாக்கு மூட்டையோடு அந்தோணியிடம் ஓடினேன்.

"புதுசைக் கழட்டிட்டுப் பழசைப் போடணும்."

அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டார். "அண்ணாச்சி, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஏழு பேரையும் மறுபடி வேலைக்கு எடுக்கிறேன், போடும்!"

திங்கள்கிழமை எஸ்தர் இரண்டு தலையணையோடு ஏறினாள். ஒன்று உட்கார, ஒன்று தலைக்கு. எனக்கு ஒன்றும் தரவில்லை.

கங்காணி குழியிலேயே ஓவர்சியரின் பேனா தேயிலைக்குள் போனது. கணக்குப்பிள்ளை குழியில் அவர் "அம்மே!" என்றார். சின்ன துரை குழியில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

பெரிய துரை குழியில் அவர் தலை மேல்கம்பியில் மோதியது. என் இடுப்பில் நிஜமாகவே 'டக்' என்றது. போன தடவை நடித்த அதே இடம்.

"நிறுத்து! ஞான் நடக்காம்!" என்று இறங்கினார். இறங்கிய காலே முழங்கால் வரை மலை ஊற்றுச் சேற்றில் போனது. ஒரு செருப்பு திரும்பி வரவில்லை. மீதி ரோட்டை ஒற்றைச் செருப்போடு நடந்தே பார்த்தார், ஒவ்வொரு குழியாக.

லயத்து வாசலில் எஸ்தரின் மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். அவளையும் பார்த்தார், வந்த வழியையும் பார்த்தார். எஸ்தரிடம் பேனா கேட்டு வாங்கி இரண்டு வரி எழுதினார்.

வண்டியை விட்டு இறங்க என்னால் முடியவில்லை. "என்ன எழுதியிருக்கு?" என்று சீட்டிலிருந்தே கத்தினேன்.

எஸ்தர் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். "மழைக்கு முன்னாடி ரோட்டை உடனே போடணுமாம். இந்த ஜீப்பை இனிமே ரோட்டுல விடக்கூடாதாம்."

அப்புறம் என் இடுப்புக்கு ஒரு தலையணையைக் கொடுத்தாள். "முதல் வரி எங்களுக்கு. ரெண்டாவது வரி உங்களுக்கு, தலைவரே."

என்னை நாற்காலியில் வைத்துத்தான் கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள்.