காற்றில்லாப் பாத்திரத்தில் விழுந்த துண்டு

உ
சிவமயம்

புளியங்கூடல்,
ஊர்காவற்றுறை.
8-6-1975

அன்புள்ள பேரன் தில்லைநாதனுக்கு அம்மம்மா இராசமணி எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். நீ சுகமில்லை என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறபடியால் அதை விசாரிக்கவில்லை. நயினாதீவு அம்மனுக்கு உன் பெயரில் அர்ச்சனை செய்வித்து, விபூதி இதனுடன் வைத்திருக்கிறேன். அதை அந்த மெஷினுக்குக் கிட்டக் கொண்டுபோகாதே. தூசி அதற்கு ஆகாது என்று நீதானே எழுதினாய்.

உன் கடிதத்தை அக்கா கமலாதேவி இரண்டு தரம் வாசித்தாள். முதல் தரம் அழுதுகொண்டு வாசித்தபடியால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் தரம் விளங்கியது. உருக்கினால் செய்த ஒரு பாத்திரம், அதற்குள் இருக்கிற காற்று முழுவதையும் இழுத்தெடுத்துவிட்டு, நகத்தளவு உலோகத் துண்டு ஒன்றை உள்ளே வைத்துச் சோதிக்கிறாய், அதில் கை படக்கூடாது, விரல் அடையாளம்கூட ஆகாது, வெளியே நின்று, துருத்தி போல மடிப்பு மடிப்பான குழாய்க்குள்ளால் போகிற தடியை அசைத்தால் உள்ளே அதன் நுனியில் இருக்கிற குறடு அசையும், அந்தக் குறட்டால் துண்டைப் பிடித்து ஒரு தாங்கியிலிருந்து மற்றத் தாங்கிக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது விழுத்திவிட்டாய். இனிப் பாத்திரத்தைத் திறந்தால் காற்றுப் புகுந்துவிடும், பிறகு அதை இழுத்து, பாத்திரத்தையே நாட்கணக்காகச் சூடாக்கி, எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். திறக்காமல் தடியாலேயே கிண்டி எடுப்பதென்றால் எப்போது அகப்படும் என்று சொல்ல ஏலாது. ஆனபடியால் ஆவணியில் அக்காவின் கலியாணத்துக்கு வர ஏலாது. இதுதானே நீ எழுதியது. ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

விழுத்தினது எனக்குப் புதினமில்லை. திருவிழாவுக்குப் போகும்போது லோஞ்சில் ஏறுகிற இடத்தில் என்னுடைய வெற்றிலைத் தட்டத்தைக் கடலில் போட்டவன் நீ. "அது தானாய் வழுக்கினது அம்மம்மா" என்றாய். தட்டம் தானாய் வழுக்காது. இந்தத் துண்டும் தானாய் வழுக்கியிருக்காது. பார்க்கிறதற்கு ஒரேயொரு கண்ணாடி ஜன்னல்தான், அதற்குள்ளால் பார்த்தால் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது போல, எது முன்னுக்கு எது பின்னுக்கு என்று பிடிபடாது என்று ஒரு நியாயம் எழுதியிருக்கிறாய். நான் இந்த வயதிலும் வெய்யில் கண்ணில் குத்த நின்று கொக்கத்தடியால் முருங்கைக்காய் பிடுங்குகிறேன். ஒரு காய் தவறியதில்லை.

நீ வராவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தாயா. வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி, அவர் போடுகிற மோதிரத்தை வாங்கிக்கொண்டு, கைபிடித்து உள்ளே கூட்டிவர ஒரு தம்பி வேண்டும். நீ இல்லையென்றால் முறைக்கு மிஞ்சுகிறவன் இலட்சுமிப்பிள்ளையின் மகனுடைய பெடியன் இராசநாயகம் ஒருவன்தான். இலட்சுமிப்பிள்ளை யார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். உன் அம்மப்பாவின் தங்கை. என் மாமி செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, குசினியில் இருந்த ஊறுகாய்ச் சாடியைத் தூக்கி இடுப்பில் வைத்தவள்.

"மச்சாள், இது என்ரை அம்மான்ரை சாடி" என்றாள்.

"உன்ரை அம்மா அதை எனக்குத் தந்தவ" என்றேன்.

"எப்ப தந்தவ? ஆர் பாத்தது?"

செத்தவீட்டில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வியா அது. சாடி என் குசினியில்தான் இருக்கிறது. இரண்டு வளவுக்கும் நடுவில் நாங்கள் போய்வருகிற வேலிப் பொட்டை அன்றைக்கு அடைத்தது, இன்றைக்கும் அடைத்தபடிதான். அவளுடைய பேரன் என் வாசலில் நின்று மோதிரம் வாங்குவதை நான் பார்க்கமாட்டேன். உள்ளே போய்ப் படுத்துவிடுவேன். உன் கொம்மா, "அம்மா, அவனை வில்லங்கப்படுத்தாதேங்கோ, அவன்ரை படிப்பெல்லே" என்கிறாள். "படிப்பு நிக்கும், முகூர்த்தம் நிக்காது" என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. பாத்திரத்துக்குள் சாமான் விழுந்தால் கையை விட்டு எடுப்பதுதான் எங்கும் வழக்கம். அதற்கு விடாத பாத்திரத்தை ஏன் செய்தார்கள். கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டு விட்டால் என்ன என்று உன் பேராசிரியரைக் கேள், அம்மம்மா கேட்டதாகவே சொல். கொம்மாவும் கமலாதேவியும் சேலை எடுக்க யாழ்ப்பாணம் போயிருக்கிறார்கள். அவர்கள் வருவதற்குள் அந்தச் சாடிக்குள் ஒரு கொட்டைப்பாக்கைப் போட்டு, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, அடுப்புக் குறட்டால் எடுத்துப் பார்க்கப் போகிறேன். எடுத்தபிறகு உனக்குச் சொல்ல ஒரு நியாயமும் மிஞ்சாது.

ஆகையால் துண்டு கிடக்கிற இடத்தில் கிடக்க, நீ ஆவணிக்கு இங்கே நிற்க வேண்டும். அம்மன் உன்னைக் காப்பாற்றுவாள். உன் கை இரண்டையும் தனியாகப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறேன். குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு திரி.

இப்படிக்கு,
அம்மம்மா
மா. இராசமணி

பிற்குறிப்பு: தம்பி தில்லைநாதன், இதை எழுதுவது இலட்சுமிப்பிள்ளை. மச்சாள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், ஏனென்றால் அவவின் வலக்கை சாடிக்குள் இருக்கிறது. சத்தம் கேட்டுப் பொட்டைப் பிரித்துக்கொண்டு வந்தேன். ஒற்றைக் கண்ணுக்குப் பாக்கு ஒரு விரல் தள்ளித்தான் தெரிகிறதாம், குறட்டில் அகப்படவேயில்லையாம், நீ எழுதினது பொய்யில்லையாம். அதற்குப் பிறகுதான் கையை விட்டிருக்கிறா. போன கை வருகுதில்லை. நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தோம். "உடைப்பமோ மச்சாள்?" என்று கேட்டேன். "உடைச்சுப் பார், தெரியும்" என்றா. நானும் உடைக்க விடமாட்டேன், அது அம்மாவின் சாடி.

நீயும் உன் பாத்திரத்தைத் திறக்க வேண்டாமாம். அவதிப்படாமல் தடியாலேயே எடுக்கட்டுமாம், ஆவணிக்கு வரவேண்டாமாம், மாப்பிள்ளைக்கு இராசநாயகமே கால் கழுவட்டுமாம். இதைச் சொல்லிவிட்டு உடனே, "அதை வெட்டு" என்றா. வெட்டமாட்டேன். பேனை என் கையில் இருக்கிறது.

உள்ளே இறுக்கிப் பிடித்திருக்கிற பாக்கை விட்டால் கை தானாய் வந்துவிடும் என்று வந்த நேரம் தொடக்கம் சொல்கிறேன். விடுகிறா இல்லை.