நாக்குக்கு வந்த சோதனை

"இன்று முதல் நானும் ஒரு குடிகாரன்" என்று ஒற்று சார் முடிவெடுத்தது ஒரு மத்தியான வேளையில், அதுவும் வெந்நீர் குடித்துக்கொண்டே.

வார இதழ் ஒன்றில் பிழை திருத்துபவர் அவர். அடுத்தவர்கள் விட்ட க், ச், த், ப் எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் சேர்த்துச் சேர்த்தே தலை நரைத்துப்போன மனுஷன். ஆபீசில் அந்தப் பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். சொந்தமாக ஒரு வரியாவது அச்சில் பார்த்துவிட வேண்டும் என்ற ஏக்கம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, வட்டாரத்துப் பார்களையெல்லாம் விமர்சனம் செய்துவந்த நிருபர் ஈரல் வீங்கிப் படுத்துவிட்டார்.

"அந்தப் பக்கத்தை யாராவது எழுதுறீங்களாய்யா?" என்றார் ஆசிரியர்.

"நான் எழுதறேன் சார்."

"குடிச்சுப் பழக்கம் உண்டா?"

"பழுத்த அனுபவம் சார்" என்றார், இருமல் மருந்தைத் தாண்டி எதையும் தொட்டறியாத மகானுபாவர்.

'நாக்கு' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். பெண்டாட்டிக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள். எனவே வீட்டில் "ஓவர்டைம்" என்று சொல்லிவைத்தார். அந்த அம்மாள் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே "சரிங்க" என்றாள். ஓட்டல்காரர்களுக்கு ஏப்ரன் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். எந்த ஓட்டல், என்ன ஓட்டல் என்று இவர் ஒருநாளும் கேட்டதில்லை.

குழப்பம் முதல் பாரிலேயே ஆரம்பித்தது. விஸ்கி கேட்டார். பச்சை நூலில் ஓரம் அடித்த ஏப்ரனோடு ஒருவர் செம்பழுப்பாக ஒரு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார். கிராம்பு வாசனை, லேசாகக் கசப்பு. குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று குடித்தார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது கிளாசில் விலைப்பட்டியலிலிருந்த இரண்டு ஒற்றுப்பிழைகள் பளிச்சென்று கண்ணில் பட்டன.

அடுத்த பாரில் ரம். அதற்கடுத்த பாரில் பிராந்தி. எங்கே போனாலும் அதே பச்சை நூல், அதே கிராம்பு. தெருமுனையில் ஒற்றைக்காலில் நின்று பார்த்தார், ஆடவில்லை, அசையவில்லை. நமக்கு இரும்பு உடம்பா, இல்லை குடி என்பதே இவ்வளவுதானா? யாரைக் கேட்பது? கேட்டால் பழுத்த அனுபவம் அழுகிப்போகுமே. 'பீப்பாய்க்குள் உறங்கிய மாலை வெயில்' என்று எழுதித் தள்ளினார். வாசகர்கள் சொக்கிப்போனார்கள். நாக்கு குடித்த அதே சரக்குதான் வேண்டும் என்று பார்களில் கூட்டம் நெரிந்தது.

அப்புறம் புதிதாக ஒரு பார் திறந்தார்கள். அங்கே பரிமாறியவர் ஏப்ரன் கட்டவில்லை, கிராம்பும் மணக்கவில்லை. ஒரே மடக்குதான். தொண்டை எரிந்தது, மேசை இரண்டானது, சுவர்க் கடிகாரம் இவரைப் பார்த்துக் கண்ணடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே ஆபீசுக்கு வந்து, 'கலப்படம், போலிச் சரக்கு' என்று விளாசிவிட்டார்.

இதழ் வெளிவந்ததும் ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"போலின்னு எழுதிட்டீரே, அந்த முதலாளி பரிசோதனைச் சான்றிதழோட வந்து கத்திட்டுப் போறார். அது அசல் சரக்குய்யா."

"தொண்டை எரிஞ்சுது சார்."

"எரியும்."

"தலை சுத்துச்சு."

"சுத்தும்யா. அதுக்குத்தானே குடிக்கிறாங்க." ஆசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உம்மகிட்ட சரக்கு இருக்குன்னு நம்பித்தான் குடுத்தேன். இன்னொரு தரம் இப்படி நடந்தா, பக்கத்தைப் பிடுங்கிட்டு மறுபடி மூலையில உக்கார வெச்சிடுவேன்."

அது அசல் என்றால், இத்தனை நாளாக உள்ளே போனது என்ன? ஒற்று சாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நேரத்தோடு வீட்டுக்கு நடந்தார். மாடிப்படி ஏறும்போதே கிராம்பு வாசனை மூக்கைத் துளைத்தது. அடுப்பில் பெரிய குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வரிசையாகக் கேன்கள். தையல் மிஷின் மேல் பச்சை நூல்கண்டு.

"இன்னிக்கு ஓவர்டைம் இல்லீங்களா?"

"இது என்ன?"

"விஸ்கி. அடுத்த பாருக்குப் போனா ரம்."

"உனக்கு எப்படி..."

"ஓவர்டைம் போற மனுஷன் சென்ட் அடிச்சுக்கிட்டா போவாரு? தூக்கத்துல வேற 'நாக்கு, பார் விமர்சனம்'னு உளறினீங்க. அத்தனை பாருக்கும் நான்தானே ஏப்ரன் தைக்கறேன். உங்க போட்டோவைக் காட்டி, இவர் வந்தா எதைக் கேட்டாலும் இதை ஊத்துங்கன்னு சொல்லிட்டேன்."

"குடிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ஒளிஞ்சு குடிப்பீங்க. இப்ப ஒளிஞ்சு கஷாயம்தானே குடிச்சீங்க."

"ஊரெல்லாம் தண்ணி அடிக்கிறான். எனக்கு மட்டும் தண்ணி காட்டிட்டியே."

"வெறும் தண்ணி இல்லீங்க. கிராம்பு, பட்டை, கருக்கின சர்க்கரை. நீங்க எழுதினதுலேருந்து எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. தைக்கவே நேரமில்லை. அந்தப் புது பார்க்காரரும் வந்து, எதுக்கு வம்புன்னு நாலு கேன் சொல்லிட்டுப் போயிட்டார்." கரண்டியால் ஒரு கிண்டு கிண்டினாள். "உங்க ஆசிரியர்கிட்ட நான் மூச்சு விடமாட்டேன். நீங்க பாட்டுக்கு எழுதுங்க."

கோபப்படலாமா, நன்றி சொல்லலாமா என்றே ஒற்று சாருக்குத் தெரியவில்லை. கண் தானாகக் கேன்மீது போயிற்று. அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'நாக்கு பானம்'. கை தானாகச் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தது.

"நடுவுல ஒரு 'ப்' வரணும்" என்றார்.

"எல்லாக் கேன்லயும் போட்டுடுங்க. அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கேன்."