எங்கள் விசில் ஓனர்

ஓசூரில் முதலாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தன் தப்பைத் தன் முகத்துக்கு நேரே ஊதிக் காட்டச் சொல்லி, அதற்கான விசிலையும் தானே வாங்கிக் கொடுத்தவர் கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் விசில் ஓனர்.

எங்கள் கம்பெனி, நாங்கள் சரக்கு கொடுத்துவந்த பெரிய கம்பெனியின் சைக்கிள் ஸ்டாண்டைவிடச் சின்னது. தகரக் கூரை, இரும்பு கடையும் நான்கு லேத் மெஷின், பதினோரு பேர். டூவீலர் பிரேக்கில் மாட்டும் இரும்புப் பின்கள் செய்வோம். ஓனர் லேத்காரர்களிடம் கன்னடம், பேக்கிங் லட்சுமக்காவிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து போன நான் அங்கே இன்ஸ்பெக்‌ஷன், ஸ்டோர், போதாததற்கு இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். வம்பு அதில்தான் ஆரம்பித்தது.

சரக்கு கொடுப்பவர்கள் நேர்மையாக நடக்கிறார்களா என்று பெரிய கம்பெனி நாற்பது பக்கக் கேள்வித்தாள் அனுப்பியது. அதில் ஒன்று: உங்களிடம் விசில் ப்ளோயர் ஏற்பாடு உண்டா? எனக்கு ஒரு இழவும் புரியவில்லை. காட்டிக்கொள்ளாமல் விளக்கினேன்.

"தப்பு நடந்தா விசில் ஊத ஆள் இருக்கான்னு கேக்காங்க, ஓனர்."

"இல்லைன்னு எழுதிடாத, இன்ஸ்பெக்‌ஷனு. சாயங்காலம் வாங்கியாந்துடறேன்."

கண்டக்டர் விசில் ஒரு டஜன் வந்தது. ஆளுக்கு ஒன்று கழுத்தில், ஒன்று ஓனருக்கு. பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்த அதிகாரி சிரித்த சிரிப்பில் தூணைப் பிடித்துக்கொண்டார். "கம்பெனி செய்யற தப்பைத் தைரியமா வெளிய சொல்றவங்கதான் விசில் ப்ளோயர், சார்" என்றார்.

"இந்த மெஷின் சத்தத்துல வாயால சொன்னா யாருக்கு சார் கேக்கும்?" என்றார் ஓனர்.

அதிகாரி அந்தக் கேள்விக்கு டிக் அடித்துவிட்டுப் போனார். டீயில் சர்க்கரை குறைந்தாலும் ஊதினோம், ஃபேன் நின்றாலும் ஊதினோம். ஒவ்வொரு விசிலுக்கும் ஓனர் ஓடி வந்தார்.

ஒரு நாள் அவசரச் சரக்கு. பெரிய கம்பெனி வண்டி வாசலில் நின்றது. அன்று சரக்கு போகாவிட்டால் ஆர்டரே கையைவிட்டுப் போய்விடும். எங்களுக்கு இருந்ததோ அந்த ஒரே ஆர்டர். பெட்டியை மூடப்போன லட்சுமக்கா நாலைந்து பின்னில் மயிரிழை விரிசலைப் பார்த்துவிட்டார்.

"அத மட்டும் எடுத்துப் போட்டுட்டு ஏத்துக்கா. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றார் ஓனர். பார்வை எங்கள் யார்மீதும் இல்லை.

லட்சுமக்கா அவர் முகத்துக்கு நேரே ஊதினார். நான்கு லேத்தும் நின்றன.

"ஏமி ஓனரு, பிரேக்குல போற சாமான் இது. எம் பையனும் வண்டி ஓட்டறான்."

ஓனரே வண்டியில் ஏறி, ஏற்கெனவே ஏற்றியிருந்த பெட்டிகளை இறக்கினார். போனில் பெரிய கம்பெனிக்காரரிடம் விரிசலைச் சொன்னார். "எங்க அசெம்பிளி லைன் நின்னுடும். அனுப்பி வைங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது.

"நாப்பது பக்கம் அனுப்பி எங்க யோக்கியதைய கேட்டது நீங்கதான சார்?"

"அதெல்லாம் ஆடிட்டுக்குங்க."

ஓனர் தன் கழுத்து விசிலைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்தார். "அவருகிட்டக் குடுப்பா. அத்தன ஆயிரம் பேரு இருக்கற கம்பெனில ஒண்ணுகூட இல்லபோல."

வண்டி அந்த ஒற்றை விசிலோடு போனது. ஆர்டரும் போனது.

"வேற எடம் பாக்கறவங்க பாருங்க, நான் மனசுல வெச்சுக்க மாட்டேன்" என்றார் ஓனர். ஒருவர்கூட நகரவில்லை. பக்கத்து ஊர்களான கெலமங்கலம், குருபரப்பள்ளி என்று டிராக்டர் ஒர்க்‌ஷாப்களின் படியேறி, சில்லறை வேலை பிடித்துத் தாக்குப்பிடித்தோம். அந்தத் தகரக் கொட்டகைக் கம்பெனி இன்றும் ஓடுகிறது.

வருடங்கள் பல போய், இப்போது நான் வேறொரு பெரிய கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். கேட் மட்டுமே மூன்று. எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் அந்தப் பெயரைச் சொல்கிறேன். எங்கே வேலை கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால்தான், எனக்கே தெரியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் ஓனரைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறேன்.